ராக், ஜாஸ் ஆல்பங்களைப் பற்றித் தமிழில் எழுதுவது எப்படி? அரவேணுத் தம்பிக்கு ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ராக், ஜாஸ் இரண்டும் ஐந்தாறு வருஷமாகக் கேட்கிறேன். புதிதாக வரும் ஆல்பங்களைப் பற்றியும், பழைய ஆல்பங்களைத் திரும்பத் திரும்ப வெளியிடுகிறார்களே, அவற்றைப் பற்றியும் தமிழில் எழுத ஆசை. சங்கீதம் முறையாகப் படித்ததில்லை. எதைக் கவனிக்க வேண்டும்? ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்று போடுவதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறதா, வெறும் வியாபாரமா? எல்பி இசைத்தட்டு வாங்கிக் கேட்டால்தான் எழுத முடியுமா? தாத்தா வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த இருபது எல்பி பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, அதை என்ன செய்வது?"

தம்பி, நான் குன்னூரில் இருக்கிறேன். முப்பத்தோரு வருஷம் தேயிலைத் தரகு நிறுவனம் ஒன்றில் ருசி பார்க்கும் வேலை. இந்த இசையைக் கேட்பது அதைவிடப் பழைய பழக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ருசி பார்க்கும் அறையில் நீளமான மேடை இருக்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று இடம். தகர டப்பாவில் காய்ந்த தூள். மூடியைக் கவிழ்த்து அதன்மேல் கொட்டிவைத்த ஊறிய இலை. கிண்ணத்தில் லிக்கர், அதாவது வடித்த தேநீர். கண்ணால் தூளைப் பார்த்து, மூக்கால் இலையை முகர்ந்து, அப்புறம்தான் கரண்டியில் லிக்கரை எடுத்துச் சத்தம் வர உறிஞ்சித் துப்புவோம். தூள் கறுப்பாக, அழகாக இருக்கும், லிக்கர் செத்துக் கிடக்கும். தூள் சுமாராக இருக்கும், லிக்கர் நாக்கைப் பிடித்து இழுக்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் தோட்டத்தின் பெயர் எழுதிய சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டுதான் என்னை ருசி பார்க்கச் சொல்வார். பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும் என்பார்.

ஓர் ஆல்பத்திலும் இப்படி மூன்று தனித்தனி விஷயம் இருக்கிறது. வாசித்தவர்கள் என்ன வாசித்தார்கள் என்பது ஒன்று. அதை எப்படிப் பதிவு செய்து கலந்தார்கள் என்பது இரண்டாவது. இப்போது உங்கள் கையில் இருக்கும் பிரதி எப்படி வந்திருக்கிறது என்பது மூன்றாவது. நான் படிக்கும் விமர்சனங்களில் முக்கால்வாசி இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, நாலாவதாக ஒரு விஷயத்தைத்தான் எழுதுகின்றன: ஆல்பத்தைச் சுற்றியிருக்கும் கதை. அந்தச் சீட்டைத்தான் நீங்கள் முதலில் மறைக்க வேண்டும். யாரும் எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் கேட்டு, கேட்டதைக் குறித்து வைத்துவிடுங்கள். படிப்பது அப்புறம்.

இந்த மூன்றும் எப்படிப் பிரிகின்றன என்பதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் ப்ளூ" என்னிடம் பழைய எல்பியாக இருந்தது, ஒரு பங்களா காலியானபோது கிடைத்தது. என் மனைவி கர்நாடக சங்கீதம் படித்தவர். ஒரு நாள் முதல் பாட்டான "ஸோ வாட்" ஓடும்போது, ஆர்மோனியத்தில் கைவைத்துப் பார்த்தார். "இது ரெண்டு கட்டைங்க. ஆனா ரெண்டுக்குக் கொஞ்சம் மேல ஏறி நிக்குது" என்றார். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாம் சொல்லும் அளவு. டர்ன்டேபிள் வேகமாகச் சுற்றுகிறது என்றேன். அவர் விடவில்லை. இரண்டாம் பக்கத்தைப் போடச் சொன்னார். "ஆல் ப்ளூஸ்" ஐந்து கட்டையில் சுத்தமாகப் பொருந்தியது. டர்ன்டேபிள் மேல் தப்பென்றால் இரண்டு பக்கமும் ஏறியிருக்க வேண்டுமே!

காரணம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஆல்பத்தை நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் 1959இல் இரண்டே நாளில் பதிவு செய்தார்கள்: மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் மார்ச் 2 அன்று பதிவானவை. அன்றைக்கு ஒரு டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க அந்த முதல் பக்கத்தை ஏறிய சுருதியிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு இயந்திரத்தின் டேப் சரியாக இருந்ததைக் கண்டு, 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுவெளியீட்டுக்கு உண்மையான காரணம் இருந்தது, பாருங்கள். வாசிப்பில் குறையில்லை. பதிவு அற்புதம். பிரதியில்தான் கோளாறு. "காலத்தால் அழியாத காவியம்" என்று பத்து பத்தி எழுதுகிறவர், வாசகருக்குத் தேவையான ஒரே தகவலான "எந்த வெளியீட்டில் சுருதி சரியாக இருக்கிறது" என்பதை விட்டுவிடுவார். பழைய ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் முதல் கடமை இதுதான்: இந்த முறை அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? ஆல்பம் நல்ல ஆல்பமா என்பது பெரும்பாலும் எப்போதோ தீர்ந்துபோன விஷயம்.

சங்கீதம் படிக்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள். ஒரு தமிழ்க் காது கோயில் நாதஸ்வரத்திலும் சினிமாப் பாட்டிலும் ஊறியே வளர்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் பாடகரை விட்டுத் தனியாக ஒரு நடை நடந்துகொண்டே இருக்கும், தெரியுமல்லவா? அதைப் பின்தொடர முடிந்தால் "கைண்ட் ஆஃப் ப்ளூ"வில் வாசிக்கும் பால் சேம்பர்ஸின் பேஸையும் உங்களால் பின்தொடர முடியும். நமக்கு இருக்கிற சொற்களும் இந்த வேலைக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன: சுருதி, நடை, எடுப்பு, கார்வை (ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது), இழைவு, தீர்மானம். ஆங்கில விமர்சகர்கள் ஒரு வாக்கியம் செலவழித்துச் சொல்வதை நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடலாம்.

"ஸோ வாட்" உருப்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பார் கொண்ட சுற்று, ஒரு பார் என்றால் இங்கே நாலு எண்ணிக்கை. முதல் பதினாறு பாரும் 2 கட்டையில், நம் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள். அடுத்த எட்டு பாரில் அதே ஸ்வரங்கள் அப்படியே 2½ கட்டைக்கு ஏறுகின்றன. கடைசி எட்டு பாருக்குத் திரும்பவும் 2 கட்டை. சுற்று முழுக்க இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், ஒவ்வொருவரும் அந்த அரைக் கட்டை ஏற்றத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். மைல்ஸ் ஒரு கார்வையில் நின்று, ஏற்றம் வரட்டும் என்று காத்திருப்பது போல இருக்கும். சாக்ஸபோனில் கோல்ட்ரேன் மூச்சுவிடாமல் ஏறிப் போவார். இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி சிரித்துக்கொண்டே வழுக்கிப் போவார். மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் நொடியில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி கொடுக்கிறார், அது அப்படியே காற்றில் விரிந்து அடங்கும். அந்த ஒரு அடிக்காகவே நல்ல ஹெட்ஃபோனில் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள் என்று சொல்லலாம், மைல்ஸ் கரஹரப்ரியா வாசிக்கிறார் என்று எழுதக் கூடாது. ராகம் என்பது ஸ்வரப் பட்டியலோடு முடிவதில்லை, அதற்குப் பிடிப்பும், ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் வேண்டும். அவர் அதைத் தேடவே இல்லை. அரைக் கட்டை ஏறுவதைக் கிரகபேதம் என்று எழுதியவர்களும் உண்டு. அதுவும் தப்பு. கிரகபேதத்தில் ஸ்வரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆதார ஸட்ஜம் மட்டும் வேறு ஸ்வரத்துக்குப் போகும். இங்கே மொத்த வீடும் அரைக் கட்டை மேலே போகிறது.

தாளத்திலும் இதே கதை. டேவ் ப்ரூபெக் குழுவின் "டேக் ஃபைவ்" ஐந்து எண்ணிக்கை என்றதும் நம் கண்டசாபு தாளம் என்று எழுதிவிடுவார்கள். கைதட்டிப் பாருங்கள். கண்டசாபு தக தகிட, இரண்டும் மூன்றும். "டேக் ஃபைவ்" மூன்றும் இரண்டும், தகிட தக. எண்ணிக்கை ஒன்றுதான், சாய்வு வேறு. பாட்டின் உடம்பே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. பிங்க் ஃப்ளாய்டின் "மணி" ஏழில் நடக்கிறது. அதில் சாக்ஸபோன் தனி வாசிப்பு ஏழிலேயே போகும், கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறிவிடும். அந்த மாற்றம் வரும் நொடியில் இறுக்கிக் கட்டிய கயிறு அவிழ்ந்த மாதிரி ஒரு விடுதலை உடம்பில் தெரியும். "அந்த இடத்தில் எனக்கு என்னமோ ஆனது" என்று எழுதுவதைவிட, ஏழிலிருந்து நாலுக்கு மாறியதால் ஆனது என்று எழுதினால் படிக்கிறவர் தானே போய்க் கேட்டுப் பார்ப்பார்.

சரி, ரீமாஸ்டரும் ரீமிக்ஸும். இதை நம் ஊர் பாஷையில் சொல்லிவிடுகிறேன். ரீமாஸ்டர் என்பது ஆன தூளைத் திரும்பச் சலிப்பது. ரீமிக்ஸ் என்பது பச்சை இலைக்கே திரும்பிப் போவது.

ஸ்டுடியோவில் குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகும். அவற்றைக் கலந்து இரண்டு தடமாக்கியது மாஸ்டர் டேப். ரீமாஸ்டர் செய்கிறவர் கையில் இருப்பது அந்தக் கலந்த டேப்தான். மொத்தமாக ஒலியைக் கூட்டலாம், கீழ்ஸ்தாயியைக் கொஞ்சம் திறக்கலாம், இரைச்சலைக் குறைக்கலாம். டிரம்ஸை மட்டும் முன்னால் கொண்டுவர முடியாது. ரீமிக்ஸ் செய்கிறவர் தனித்தனித் தடங்களுக்கே போகிறார், அதனால் ஆல்பத்தின் முகமே மாறலாம். ஸ்டீவன் வில்சன் செய்த ஜெத்ரோ டல், கிங் கிரிம்சன் ரீமிக்ஸ்கள் இந்த வகை. இதை நன்றாகச் செய்வது எப்படி என்பதற்கு அவற்றைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். அவர் பழைய கலவையின் குணத்தைக் கலைக்காமல் தூசியை மட்டும் தட்டுகிறார்.

பீட்டில்ஸின் "ரிவால்வர்" விசித்திரமான கேஸ். 1966இல் நாலு தடம்தான். "டாக்ஸ்மேன்" பாட்டில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒரே தடத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ரீமிக்ஸ் செய்ய வழியே இல்லை. 2022இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருளை வைத்து ஜைல்ஸ் மார்ட்டின் அந்த ஒற்றைத் தடத்தைப் பிரித்தெடுத்துப் புதிதாகக் கலந்தார். ரிங்கோவின் டிரம்ஸ் நடுவில் வந்து உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒட்டிக்கிடந்ததில் ஒரு நெரிசல் இருந்தது, அந்த நெரிசல்தான் பாட்டின் கோபம். பிரித்தபிறகு கோபம் ஒரு படி குறைந்துவிட்டதாக என் காதுக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம். எழுதும்போது எந்தப் பிரதியைக் கேட்டீர்கள் என்று மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு பிரதிகளை ஒப்பிடும்போது எல்லோரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே கேட்கும். நம் காதின் இயல்பு அப்படி. ரீமாஸ்டர் போட்டதும் "ஆஹா, எவ்வளவு உயிரோட்டம்" என்று தோன்றும், பார்த்தால் ஒலி அளவைத்தான் ஏற்றியிருப்பார்கள். அதனால் முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். சத்தமானதைக் குறைத்து, குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு கேளுங்கள். அப்போது பல ரீமாஸ்டர்களின் சாயம் வெளுத்துவிடும். ஒலியை ஒரேயடியாக நசுக்கி ஏற்றினால், டிரம்ஸில் விழும் அடிக்கும் அதற்கு முந்தைய மௌனத்துக்கும் இருந்த உயர வித்தியாசம் போய்விடும். மெட்டாலிகாவின் "டெத் மேக்னெடிக்" 2008இல் வந்தபோது ரசிகர்களே எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஏனென்றால் அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் நசுக்கப்படாமல் வந்திருந்தன. பாட்டு ஒன்று, வாசிப்பு ஒன்று, கேமில் கேட்டால் நன்றாக இருக்கிறது, டிஸ்க்கில் கேட்டால் காது வலிக்கிறது! ஜாஸில் இந்த நோய் குறைவு, ராக்கில் இன்றைக்கும் இருக்கிறது.

"ஒரிஜினல் டேப்பிலிருந்து நேரடியாக" என்று உறையில் போட்டிருப்பதையும் அப்படியே திருப்பி எழுதாதீர்கள். டிஜிட்டல் கலப்பே இல்லை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய ஒரு பிரபல அமெரிக்க வெளியீட்டாளரின் எல்பிக்களின் தயாரிப்பில் பல வருஷமாகவே டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது 2022இல் வெளியே வந்தது. அவற்றை "அனலாகின் கதகதப்பு" என்று புகழ்ந்து எழுதியிருந்தவர்கள் அநேகம் பேர். எல்பி நன்றாகத்தான் ஒலித்தது, அதில் பொய்யில்லை. அவர்கள் எழுதியது மட்டும் உறையைப் பார்த்து எழுதியது.

கதையை மறைக்கச் சொன்னேனே, அதற்கு ஓர் உதாரணம். கீத் ஜாரெட்டின் "கெல்ன் கான்சர்ட்". 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கெல்ன் நகரத்து ஆபெரா அரங்கு. கேட்ட பியானோ வரவில்லை, அதற்குப் பதிலாகச் சின்ன, சீர்கெட்ட பியானோ ஒன்று. மேல்ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ்ஸ்தாயியில் பலமில்லை. வாசிக்க மாட்டேன் என்றவரை நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த பதினெட்டு வயதுப் பெண் வேரா பிராண்டெஸ் சம்மதிக்க வைத்தார். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் வாசித்தார். நல்ல கதை, உண்மையான கதை. எந்த விமர்சனத்தைத் திறந்தாலும் இதுதான் முதல் பத்தி, பல சமயம் கடைசிப் பத்தியும் இதுதான்.

கதையை ஒதுக்கிவைத்துவிட்டு முதல் பாகத்தைக் கேளுங்கள். இருபத்தாறு நிமிஷம். அதில் ஆரம்பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போல, பெரும்பாலும் இரண்டே கார்டுகளுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரக் கூட்டுகளுக்கு, நடுவில் போய்வந்துகொண்டே இருக்கிறார். இடது கை நகராமல் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, தம்பூரா பிடித்துக்கொள்வது போல. அதன்மேல் வலது கை நடு ஸ்தாயியிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. நடுநடுவே அவர் முனகுவதும், காலால் தட்டுவதும் கேட்கிறது. இவ்வளவையும் குறித்துக்கொண்ட பிறகு அந்தக் கதையைப் படியுங்கள். மேலும் கீழும் ஏன் போகவில்லை என்பது அப்போது புரியும். கதை வாசிப்பை விளக்க வந்தால் அதற்கு இடம் உண்டு, வாசிப்புக்குப் பதிலாக வந்து உட்கார்ந்தால் எழுப்பி அனுப்பிவிட வேண்டும்.

புது ஆல்பங்களுக்கு வருகிறேன். இங்கே வேறு ஒழுங்கு. வந்த அன்றைக்கே எழுதும் பந்தயத்தில் நீங்கள் சேர வேண்டாம். முதல் தடவை எழுதாமல் கேளுங்கள், நடந்துகொண்டே கேட்டாலும் சரி. இரண்டாவது தடவை பேனாவும் கடிகாரமுமாக உட்காருங்கள்: எத்தனாவது நிமிஷத்தில் என்ன நடந்தது. மூன்றாவது தடவை ஒரு வாரம் கழித்து. அந்த ஒரு வாரத்தில் கேட்காமலேயே எந்த இடம் உங்கள் வாயில் முணுமுணுப்பாக வந்தது என்பதுதான் மிக நம்பகமான சாட்சி. ஜாஸ் என்றால் ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம் என்று பிடித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

டிரம்ஸை விட்டுவிடாதீர்கள். ராக் விமர்சனங்களில் பாட்டு வரிகளுக்கும் பாடகரின் சொந்த வாழ்க்கைக்கும் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட டிரம்ஸுக்குக் கிடைப்பதில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் 2023இல் வெளியிட்ட "ஹாக்னி டயமண்ட்ஸ்" ஆல்பத்தில் சார்லி வாட்ஸ் வாசித்தது இரண்டு பாட்டு. 2021இல் அவர் இறந்துவிட்டார், அவை அதற்கு முன்னால் பதிவானவை. மற்றதில் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன். வாட்ஸிடம் ஒரு வழக்கம் உண்டு: ஸ்னேர் டிரம்மில் அடிக்கும் நொடியில் ஹைஹாட் என்ற இரட்டைச் சிம்பலை அடிக்க மாட்டார், வலது கையைத் தூக்கிவிடுவார். அதனால் அந்த அடி தனியாக, சுற்றிலும் காற்றோடு விழும். இரண்டு பேரின் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்தச் சின்ன இடைவெளியைத் தேடுங்கள். அதைக் கேட்டுவிட்டால், அறுபது வருஷம் அந்தக் குழு எதன்மேல் நின்றது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். என் தீர்ப்பு என்னவென்றால், ஜோர்டன் பிரமாதமான கலைஞர், ஆனால் அவர் கையில் குழு முன்னால் சாய்ந்து நடக்கிறது. வாட்ஸ் இருந்தவரை கொஞ்சம் பின்னால் சாய்ந்து நடந்தது.

தி க்யூர் குழு 2024 நவம்பரில் கொடுத்த "சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்" பற்றியும் ஒரு வார்த்தை. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு வந்தது. முதல் பாட்டில் மூன்று நிமிஷத்துக்கு மேல் குரலே இல்லை, மெதுவான டிரம்ஸும் அடர்ந்த கீபோர்டும்தான். ஐப்பசி மழையில் மின்சாரமும் இல்லாத ஒரு சாயங்காலம் அதைக் கேட்டேன், குரல் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவசரமாகக் கேட்டால் "நீளம் அதிகம்" என்று எழுதிவிடக்கூடிய பாட்டு. காத்திருக்க வைப்பதுதான் அதன் பொருள்.

அப்புறம் நம்மவர்கள் விஷயம். இதில் தமிழில் எழுதுகிறவர்கள் பலரும் சறுக்குகிறார்கள். ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழு 2023இல் "திஸ் மொமென்ட்" வெளியிட்டது. 1977க்கு அப்புறம் சக்தி என்ற பெயரில் வந்த முதல் ஸ்டுடியோ ஆல்பம், அடுத்த வருஷம் கிராமி விருதும் வாங்கியது. ஷங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ், ஜாகிர் ஹுசேன். தமிழில் வந்தவை பெரும்பாலும் பாராட்டு மடல்கள்தான். பெருமை நியாயமானது. ஆனால் விமர்சகர் செய்ய வேண்டியது 1975இல் மேடையில் பதிவாகி மறு வருஷம் வந்த முதல் சக்தி ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. அதில் விக்கு விநாயக்ராமின் கடம் கேட்கும்போது மண்ணின் மேல் விரல்நகம் படுவதுகூடத் தெரியும். ஒருவரையொருவர் முந்தி ஓடும் பதற்றம் அதில் இருக்கிறது. புதியதில் அவர் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா மிகச் சுத்தமாக, மிக அழகாக ஒலிக்கிறது, ஆனால் பளபளப்பு கூடி அந்தப் பதற்றம் குறைந்திருக்கிறது. ஜாகிர் ஹுசேன் 2024 டிசம்பரில் மறைந்த பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்பது கஷ்டமாக இருக்கிறது எனக்கு. அதையும் எழுதலாம், தனியாக, இன்னது இன்னது என்று பிரித்து.

விஜய் ஐயர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், பெற்றோர் தமிழர்கள். அதற்காக அவர் பியானோவில் எல்லாவற்றிலும் கர்நாடக சங்கீதத்தைத் தேடாதீர்கள். லிண்டா மே ஹான் ஓ, டைஷான் சோரி இருவரோடும் அவர் வாசித்த "அனீஸி", "கம்பாஷன்" இரண்டையும் கேட்டால், மூன்று பேர் ஒரே தாளத்தை மூன்று கோணத்தில் பிடித்துக்கொண்டு விடாமல் இழுப்பது கேட்கும். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழுபறி உடனே பிடிபடும், அவ்வளவுதான் நம் பக்கத்துச் சௌகரியம். சம்பந்தம் நேரடியாக இருக்கும் இடத்தில் மட்டும் அதைச் சொல்லுங்கள். ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்த "கின்ஸ்மென்" அப்படிப்பட்டது: இரண்டு ஆல்டோ சாக்ஸபோன், ஒன்று ஜாஸில் பிறந்தது, ஒன்று கமகத்தில் வளர்ந்தது. எந்த வரியை யார் வாசிக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள், அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சார்லி மரியானோ என்ற அமெரிக்கரையும் தேடிக் கேளுங்கள். சார்லஸ் மிங்கஸின் 1963 ஆல்பமான "தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி"யில் ஆல்டோ சாக்ஸபோனில் அழுதவர், பிற்பாடு நாதஸ்வரமே கற்றுக்கொண்டு வாசித்தார்.

சொற்களைப் பற்றி ஒன்றே ஒன்று. மெய்சிலிர்க்க வைக்கிறது, இசை மழை, தெய்வீகம், மயிலிறகால் வருடுவது போல. இவை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டும், அதனால் எதற்கும் ஒட்டாது. எழுதி முடித்ததும் ஆல்பத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டுப் படியுங்கள். பொருந்தினால் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

எல்பி வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். புது எல்பி ஒன்று ஆயிரக்கணக்கில் விற்கிறது. அந்தப் பணத்தில் கம்பி வைத்த நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள், போதும். ஃபோனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு எழுதாதீர்கள், அதில் பேஸ் பாதி காணாமல் போய்விடும். எல்பி வாங்கினாலும் நடுத்துளை விலகி அச்சான தட்டுகள் உண்டு. நான் ஒரு கடையில் பெரிய விலை கொடுத்து வாங்கிய ஒன்றில் பியானோவின் ஒவ்வொரு கார்வையும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் குறையைப் பியானோக்காரர் தலையில் கட்டி எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம்!

தாத்தா வீட்டு எல்பிக்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் மலையில் பூஞ்சை பிடிக்காத எல்பியே கிடையாது. உள்ளே இருக்கும் பழைய காகித உறைகளை எல்லாம் எடுத்து எரித்துவிடுங்கள், பூஞ்சை குடியிருப்பது அங்கேதான். டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பூ விட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் தண்ணீர் படக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு தரம். பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அந்த இருபதில் கனமான, கீழே போட்டால் உடைகிற 78 வேகத் தட்டுகள் இருந்தால் அவற்றில் ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். காய்ந்த பிறகு புது உறை போட்டு, படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். நம் வீடுகளில் துணி அலமாரிக்குள் ஈரம் ஏறாமல் சின்ன பல்பு எரியவிடுவோமே, அதே போல ஒரு பல்பு அந்த அலமாரியிலும் எரியட்டும், தட்டுகளுக்குச் சூடு படாத தூரத்தில்.

என்னென்ன ஆல்பங்கள் இருக்கின்றன என்று பெயர்களை எழுதி அனுப்புங்கள். அதில் எதையாவது ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தைப் பற்றி மட்டும், நிமிஷக் கணக்கோடு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். கார்த்திகை தாண்டி மழை விட்டதும் குன்னூர் பக்கம் வாருங்கள். அந்தப் பழைய "கைண்ட் ஆஃப் ப்ளூ" இன்னும் வீட்டில் இருக்கிறது, ஆர்மோனியமும் இருக்கிறது. முதல் பக்கம் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று நீங்களே வாசித்துப் பார்க்கலாம்.